பாக்குவெட்டியும் புத்தர் சிலையும்



கொழும்பு நூதனசாலையிலோ கண்டி நூதனசாலையிலோ கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்டிருக்கும் பழைய பாக்குவெட்டிகளை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். சிங்களத்தில் 'கிரய' என்பர். சில பறவை போன்றன, சில குதிரைத் தலை கொண்டன, சில பெண்ணுருவாய் அமைந்தன. அருகிலே சட்டைப்பைக் கடிகாரம் போன்று உருண்டையான ஒரு சிறு பெட்டி சங்கிலியோடு கிடக்கும். அது 'கில்லோட்டய'. நாம் சுண்ணாம்புக் கரண்டகம் என்போம். பேழையின் முன் நின்று 'என்ன வேலைப்பாடு!' என்று வியக்கின்றோம். இதே பாக்குவெட்டி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வளவிலே வெற்றிலைத் தட்டத்திற் கிடந்தபொழுது எவரும் இவ்வாறு நின்று பார்த்திருக்கமாட்டார்கள். பாக்கை வெட்டிவிட்டுத் திரும்பவும் தட்டத்திலே போட்டிருப்பார்கள். அப்படியாயின் அதன் அழகு எங்கே இருந்தது? செய்தவனுடைய கையிலா, வெட்டியவனுடைய கையிலா, அல்லது கண்ணாடிக்கு இப்பால் நிற்கும் நம்முடைய கண்ணிலா?

இந்தக் கேள்விக்கு விடை தேடியதிலேயே தமது வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட அறிஞர் ஒருவர் கொழும்பிலே பிறந்தவர். ஆனந்த குமாரசுவாமி அவர்களைத்தான் சொல்கிறேன். ஆனால் அவரிடம் வருவதற்கு முன் நாம் லண்டன் மாநகருக்கு ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது. ஏனெனில் அன்றாடப் பொருளின் அழகு வேறு, கலையின் அழகு வேறு என்ற பாகுபாடு நம்மிடையே பிறந்ததன்று, கப்பலேறி வந்தது.

ஐரோப்பாவிலும் அது மிகப் பழையதொன்றன்று. பிரான்சு நாட்டுச் சார்ள் பத்தோ என்பவர் 1746ஆம் ஆண்டில் எழுதிய நூலிலே இசை, கவிதை, ஓவியம், சிற்பம், நடனம் ஆகியவற்றை ஒரு கூட்டமாக்கி, இவை இன்பத்துக்கென்றே அமைந்தவை என்றார். மற்றைத் தொழில்கள் தேவைக்கென அமைந்தவை என்று வேறாக வைத்தார். தச்சனும் குயவனும் ஓவியனும் சிற்பியும் அதுவரை ஏறத்தாழ ஒரே வீதியிற் குடியிருந்தனர் எனலாம். பின்னர் ஓவியனும் சிற்பியும் மேட்டுத் தெருவுக்குப் போய்விட்டனர். நாம் இன்று 'நுண்கலை' என்று சொல்லும் சொல்லும் அந்தப் பாகுபாட்டின் மொழிபெயர்ப்பேயாம். நம் முன்னோர் எண்ணிய ஆயகலைகள் அறுபத்து நான்கிலே மாலை தொடுத்தலும் உண்டு, சமைத்தலும் உண்டு, பாட்டும் உண்டு.

1851இல் லண்டன் ஹைட் பூங்காவிலே கண்ணாடி மாளிகை எழுப்பி உலகப் பெரும் பொருட்காட்சி ஒன்றை நடத்தினார்கள். பிரித்தானிய ஆலைகளின் வெற்றியைக் காட்டுவதே நோக்கம். ஆனால் ஆலைப் பொருள்களைக் கண்ட சிலருக்கு வயிறு கலங்கியது. கால் வைத்து நடக்கும் கம்பளத்திலே மெய்யான பூங்கொத்துக்கள் போல நிழலும் புடைப்பும் காட்டிப் பூக்களை வரைந்திருந்தார்கள். ஒரு பொருளைப் பார்த்தால் இன்னொரு பொருள் போல இருந்தது. அடுத்த ஆண்டு, 1852இல், ஹென்றி கோல் என்பவரும் அவரது நண்பர்களும் மார்ல்பரோ மாளிகையில் ஓர் அரும்பொருட்சாலையைத் திறந்தார்கள். அதிலே ஓர் அறையில் சுவர்த்தாள், திரைச்சீலை, வீட்டுப் பாத்திரம் முதலியவற்றை வைத்து, ஒவ்வொன்றும் ஏன் பிழையானது என்று விளக்கமும் எழுதித் தொங்கவிட்டார்கள். மக்கள் அதற்குப் 'பயங்கர அறை' என்று பெயரிட்டனர். சார்ள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய சஞ்சிகையில் ஒரு கேலிக்கட்டுரை வந்தது. அதில் ஒருவர் அந்த அறையைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார். தமது வீட்டுச் சுவரும் கம்பளமும் தேநீர்க் கிண்ணமும் யாவும் பயங்கரங்களே என்று கண்டு நிம்மதியை இழக்கிறார். தமது சரக்கை இப்படி அவமதித்ததற்கு உற்பத்தியாளர் கூச்சலிட்டதால் அந்த அறை விரைவில் மூடப்பட்டது.

அதே அரும்பொருட்சாலையில், சரியான அமைப்புக்கு எடுத்துக்காட்டாக எவற்றை வைத்தார்கள் தெரியுமா? 1851ஆம் ஆண்டுக் காட்சியிலே விலைக்கு வாங்கிய இந்தியத் துணிகள், உலோகப் பாத்திரங்கள் முதலியவற்றையும் அவற்றுள்ளே வைத்தார்கள். தட்டையான துணியிலே தட்டையான கோலம், பாத்திரத்தின் உருவத்துக்கு அடங்கிய அலங்காரம். இந்திய நெசவாளனும் கன்னானும் தாம் அறியாமலே லண்டன் மாணவருக்கு ஆசிரியராயினர். அவர்களுக்கு அதனால் ஒரு சதமும் கிடைக்கவில்லை. இங்கிலாந்து ஆலைத் துணி வந்து இந்திய நெசவாளனின் தறியை நிறுத்திக்கொண்டிருந்த காலமும் அதுவேயாகும்.

இந்தச் சூழலில் வளர்ந்தவர் சேர் ஜோர்ஜ் பேர்ட்வுட். பம்பாயிலே மருத்துவராய் இருந்து, இந்தியக் கைப்பணிகளின்மீது பெருங் காதல் கொண்டு, 1880இல் அவற்றைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கிராமத்துக் குயவன் சில்லைச் சுழற்றுவதை அவர் வருணிக்கும் பகுதிகள் உண்மையான அன்போடு எழுதப்பட்டவை. ஆனால் அதே நூலிலே, சிற்பமும் ஓவியமும் நுண்கலை என்ற நிலையில் இந்தியாவிலே இல்லை என்றும் எழுதினார். குடம் செய்தவனைக் கும்பிட்டார், கடவுளைச் செய்தவனைக் கைவிட்டார்.

இதன் உச்சம் 1910ஆம் ஆண்டு சனவரி 13ஆம் திகதி லண்டன் அரச கலைச் சங்கத்திலே வந்தது. கல்கத்தாக் கலைப் பாடசாலையின் அதிபராய் இருந்த ஈ. பி. ஹவெல் ஒரு கட்டுரை வாசித்தார். பேர்ட்வுட் தலைமை வகித்தார். உரையாடலின்போது யாவாத் தீவைச் சேர்ந்த தியான நிலைப் புத்தர் சிலையொன்றின் படம் காட்டப்பட்டது. பேர்ட்வுட் அதனைச் சுட்டி, ஆசைகளற்ற ஆன்ம அமைதிக்கு இதுதான் குறியீடென்றால், மாட்டுக்கொழுப்புச் சேர்த்து அவித்த புடிங் ஒன்றும் அதற்குப் போதும் என்னும் கருத்துப்படப் பேசினார்.

இந்த வசனத்தை வெறும் திமிர் என்று தள்ளிவிடுவது எளிது. அதில் திமிர் இருந்தது உண்மைதான். ஆனால் பேர்ட்வுட் அழகை உணராதவர் அல்லர் என்பதை மறக்கக்கூடாது. பித்தளைச் செம்பைப் பார்க்கையில் அதன் பயன் அவருக்குத் தெரியும்; தண்ணீர் மொள்வது எப்படி என்று தெரியும்; ஆதலால் வடிவம் ஏன் அவ்வாறு வளைகிறது என்று அவர் கண் கண்டுகொண்டது. புத்தர் சிலையைப் பார்க்கையிலோ அதன் பயன் அவருக்குத் தெரியவில்லை. கிரேக்கச் சிலையிலே காணும் தசைநார்களை அங்கே தேடினார், காணவில்லை. வழுவழுப்பான உருண்டையொன்று மட்டுமே அவருக்குத் தெரிந்தது. பயன் தெரியாத பொருளின் அழகு கண்ணுக்குத் தட்டுப்படாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எதிர்ப்பு உடனே எழுந்தது. அதே ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி 'தி டைம்ஸ்' பத்திரிகையிலே வில்லியம் றொதென்ஸ்ரைன், வோல்ரர் கிரேன் முதலிய 13 பேர் கையொப்பமிட்ட கடிதம் வெளியாயிற்று. அந்தப் புத்தர் திருவுருவம் உலகின் உயர்ந்த கலைக்கொடைகளுள் ஒன்று என்று அவர்கள் சான்று பகர்ந்தனர். அவ்வாண்டிலேயே இந்தியச் சங்கம் என்ற அமைப்பு லண்டனிலே தோன்றியது. அதனை நிறுவியவர்களுள் ஹவெல், றொதென்ஸ்ரைன் ஆகியோரோடு ஆனந்த குமாரசுவாமியும் ஒருவர். இரண்டு ஆண்டுகளின் பின் தாகூரின் கீதாஞ்சலியை ஆங்கிலத்தில் முதன்முதல் அச்சேற்றியதும் இந்தச் சங்கமே. ஒரு புடிங் இவ்வளவு நன்மை செய்தது!

இனி நமது அறிஞரிடம் வருவோம். 1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பிலே பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டதும் அதே ஆண்டு சனவரி முதலாந் திகதிதான் என்பது ஒரு சுவையான பொருத்தம். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி, அரிச்சந்திரன் கதையை ஆங்கிலமாக்கியவர், பாளி மொழித் தாதாவம்சத்தையும் ஆங்கிலத்தில் தந்தவர். தாயார் எலிசபெத் என்னும் ஆங்கிலப் பெண்மணி. மகனுக்கு இரண்டு வயது நிறையுமுன் தந்தையார் காலமானார். இங்கிலாந்திலே வளர்ந்த பிள்ளை நிலவியலும் தாவரவியலும் பயின்றார். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்து, தோரியனைற் என்னும் கனிப்பொருளை உலகுக்கு அறிவித்தார்.

கல்லைத் தேடிப் போனவர் கலையைக் கண்டார் என்று பலரும் அலங்காரமாகச் சொல்வதுண்டு. உண்மையில் கல்லைப் பார்த்த கண்ணே கலையையும் பார்த்தது என்பது என் எண்ணம். நிலவியலாளன் ஒரு கல்லை எடுத்தால் 'அழகானதா' என்று கேட்கமாட்டான். இது எதனால் ஆனது, எவ்விதம் உண்டானது, எங்கே கிடந்தது என்று கேட்பான். கண்டிப் பகுதிக் கிராமங்களிலே மாட்டு வண்டியிற் சென்று முகாமிட்ட குமாரசுவாமி, பாயையும் பானையையும் பூட்டையும் சாவியையும் அவ்விதமே விசாரித்தார். கூடவே அவருடைய முதல் மனைவி எதெல் இருந்தார். புகைப்படம் எடுத்தவர் அவர். தையலையும் நெசவையும் நுணுகிப் பார்த்தவரும் அவரே. பிற்காலத்தில் எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் டிச்லிங் கிராமத்திலே தறி வைத்து, கைத்தறி நெசவுக்கும் தாவரச் சாயத்துக்கும் புத்துயிர் அளித்தார். நம்மவர் ஆனந்தரை நினைக்கும்போது இந்த அம்மையாரை மறந்துவிடுவது நியாயமன்று.

இந்த உழைப்பின் விளைவே 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல். இங்கிலாந்தில் பிறோட் காம்டன் என்னும் ஊரில் நோர்மன் சப்பல் என்ற தமது இல்லத்திலேயே அதனை அச்சிட்டார். வில்லியம் மொறிஸ் தமது புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட அதே கையச்சுப் பொறியே இங்கும் பயன்பட்டது. அச்சிட்ட பிரதிகள் 425 மட்டுமே. கைவினையின் பெருமையைச் சொல்லும் நூல் கைவினையாகவே அமையவேண்டும் என்று அவர் எண்ணியது பொருந்தும். ஆயினும் அந்த 425 பிரதிகளுள் ஒன்றையேனும் நூலிலே பேசப்படும் கன்னானோ தச்சனோ கண்ணாற் கண்டிருப்பானா என்று எண்ணும்போது மனம் சற்றே கசக்கிறது.

அந்த நூல் எதனைக் காட்டுகிறது? கண்டி இராச்சியத்துக் கைவினைஞர், பொருள் ஒன்றை அழகாகச் செய்யவேண்டுமென்று தனியாக நினைக்கவில்லை; சரியாகச் செய்யவேண்டுமென்றே நினைத்தனர். விக்கிரகத்துக்குச் சாரிபுத்திரம் என்னும் அளவுநூல் இருந்தது. முகம் இத்தனை, மார்பு இத்தனை என்று அது விதித்தது. பிழைத்தால் தீங்கு. தனது கற்பனையைக் காட்டுவதற்காக எவனும் மூக்கை நீட்டவோ தோளைக் குறுக்கவோ இல்லை. பாக்குவெட்டிக்கு அத்தகைய நூல் இல்லாவிடினும் விதி இருந்தது. வெட்டும் அலகு உருக்கு; பிடி கைக்குள் அடங்கவேண்டும்; காயம் படக்கூடாது; விறைத்த பாக்கும் ஒரே அமுக்கில் இரண்டாக வேண்டும். பறவையின் கழுத்தும் பெண்ணின் இடுப்பும் அந்தப் பிடியின் வளைவிலிருந்தே முளைத்தன. பொருள் முதலில், அலங்காரம் பிறகு என்றில்லை. பிடியின் வளைவே அலங்காரத்துக்கு இடங்கொடுத்தது.

விக்கிரகத்துக்குக் கண் எழுதும் சடங்கைப் பற்றியும் குமாரசுவாமி விரிவாக எழுதியுள்ளார். சிலை முழுவதும் முடிந்த பின்னரும் கண் எழுதும்வரை அது வெறுஞ் சுதை, வெறுங் கல். நல்ல முகூர்த்தத்தில் ஓவியன் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியிலே அதன் முகத்தைப் பார்த்தபடி கண்களை வரைவான். நேரே பார்க்கக்கூடாது. முடிந்ததும் அவனுடைய கண்ணைக் கட்டி வெளியே அழைத்து வருவர். கட்டை அவிழ்த்ததும் முதற் பார்வை படும் பொருளை அவன் வாளினால் வெட்டுவான். அந்தப் பார்வையின் வேகத்தை மனிதர் தாங்கமாட்டார் என்பது நம்பிக்கை. நமது கோயில்களிலும் கும்பாபிஷேகத்தின்போது ஸ்தபதி பொன்னூசியாற் கண் திறப்பதை நாம் அறிவோம். இந்தச் சடங்கைச் செய்பவனிடம் போய், சிலையின் தசைநார்கள் எங்கே என்று பேர்ட்வுட் கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான்? கேள்வியே அவனுக்கு விளங்கியிராது.

நம்முடைய பேச்சு வழக்கிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. ஈழத்தமிழிலே அழகுக்கு 'வடிவு' என்கிறோம். வடிவான பிள்ளை, வடிவான வீடு. அதே சொல்லை 'வடிவாய்க் கட்டு', 'வடிவாய்க் கேள்', 'வடிவாய்ச் சாப்பிட்டாயா' என்றும் வழங்குகிறோம். அங்கே வடிவு என்பதற்குச் சரியாக, முழுமையாக, குறையின்றி என்பது பொருள். உருவம், அழகு, செம்மை மூன்றுக்கும் ஒரே சொல். பத்தோ யாழ்ப்பாணத்திலே பிறந்திருந்தால் தமது நூலை எழுதச் சிரமப்பட்டிருப்பார்.

சரி, அவ்வளவு சிறப்பான கைவினை ஏன் நலிந்தது? ஆலைப் பொருள் வந்தது, மலிவாய் வந்தது என்பது பாதி விடை. மற்றப் பாதி நிலத்தில் இருக்கிறது. கண்டி இராச்சியத்திலே கைவினைஞனுக்குக் கூலி இல்லை, காணி இருந்தது. அரசனுக்கோ விகாரைக்கோ தேவாலயத்துக்கோ தன் தொழிலால் ஊழியஞ் செய்யும் கடமைக்கு ஈடாக அந்தக் காணியை அவன் பரம்பரையாக ஆண்டான். நெல் வீட்டுக்கு வந்தது. ஆகையால் ஒரு கரண்டகத்துக்கு எத்தனை நாள் சென்றது என்று எண்ண வேண்டியதில்லை. அரண்மனைக்கென்றே 'பட்டல் ஹதர' எனப்பட்ட நான்கு பட்டறைகள் இருந்தன. 1815இல் அரசு வீழ்ந்தது. அரண்மனைப் பட்டறைகள் வேலையற்றுப் போயின. 1832இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் விதந்துரைப்பின்படி இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. விகாரைக் காணிகளிலே எஞ்சியிருந்த ஊழியத்தையும் பணமாகச் செலுத்தித் தீர்த்துக்கொள்ளலாம் என்று 1870ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. அதன் பின்னர் நாள் எண்ணப்பட்டது. நாள் எண்ணப்பட்டபோது வேலை சுருங்கியது. வாங்குபவனும் மாறினான். முன்னர் வாங்கியவனுக்குப் பாக்கு வெட்டத் தெரியும். இப்போது வாங்குபவன் அதனைச் சுவரிலே மாட்டப்போகின்ற பிரயாணி. வெட்டாத பாக்குவெட்டிக்கு நல்ல உருக்கு எதற்கு?

குமாரசுவாமி இதனைத் துல்லியமாகக் கண்டார். 1905இல் கண்டித் தலைவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கட்டடங்களைக் காக்குமாறு வேண்டினார். இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்திலும் இதனையே பேசினார். கலைஞன் என்று ஒரு தனிச் சாதி மனிதன் இல்லை, எந்த மனிதனும் தன் தொழிலைச் செம்மையாகச் செய்யுமிடத்துக் கலைஞனே என்பது அவருடைய வாழ்நாட் கொள்கை.

ஆனால் ஓர் இடத்தில் அவரோடு என்னால் முழுதும் இணங்க முடியவில்லை. இராசகாரியம் அவருடைய எழுத்திலே பெரும்பாலும் இசைவான ஒரு கிராம வாழ்வாகவே தோன்றுகிறது. அது கட்டாய ஊழியமும் ஆகும். மறுத்தால் காணி போகும். மகன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தந்தையின் தொழிலே அவன் தொழில். யார் எந்தப் பொருளைச் செய்வதென்று சாதி விதித்தது. செய்த பொருள் மாளிகைக்குள்ளே போகும், செய்தவன் வாசலிலே நிற்பான்.

தும்பறைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டிக்கு அருகே ஹேனாவல முதலான ஊர்களிலே 'ஹண' என்னும் செடியின் இலையிலிருந்து நார் எடுத்து, சாயமூட்டி, நிலத்தோடு ஒட்டிய தறியிலே நெய்வார்கள். யானை, மான், பறவை, நாகம், நட்சத்திரம் எல்லாம் கோடும் கோணமுமாகி அதிலே நடக்கும். நார் முரடானது, வளைந்த கோடு அதிலே வராது. அந்தத் தடையினாலேயே யானை அவ்வளவு கம்பீரமாகச் சதுரப்படுகிறது. அரண்மனைக்கும் பிரபுக்களுக்கும் போன பாய் இது. நெய்தவர்கள் கின்னர எனப்பட்ட சமூகத்தவர். கண்டிச் சாதி அடுக்கிலே மிகக் கீழே தள்ளப்பட்டிருந்தவர்கள். பாயின் அழகைப் பற்றி அரண்மனையிலே இரு கருத்து இருந்திராது. அதை நெய்த கையைப் பற்றியும் அங்கே இரு கருத்து இருந்திராது. 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலிலே இந்த நெசவைச் சேர்த்தது. பட்டியல் வரும்வரை அந்தச் சில குடும்பங்கள் எவ்வாறு சீவித்தன என்பதும் அழகைப் பற்றிய வரலாற்றில் ஓர் அத்தியாயமல்லவா? கன்னானின் மகன் எழுதுவினைஞராகப் போனால் கலை அழிகிறது என்று நாம் கவலைப்படுகிறோம். அவன் வீட்டில் அது கவலைக்குரிய நாளாக இருந்திராது.

1917இல் குமாரசுவாமி அமெரிக்காவின் பொஸ்ரன் நகர் சென்றார். தாம் திரட்டிய ஓவியங்களுக்கும் பொருள்களுக்கும் இந்தியாவிலே ஒரு தேசிய அரும்பொருட்சாலை அமைய வேண்டுமென்று அவர் முன்னர் விரும்பியிருந்தார், ஆதரிப்பாரில்லை. டென்மன் றொஸ் என்னும் செல்வர் அந்தத் திரட்டை வாங்கிப் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருட்சாலைக்கு வழங்கினார். அதனோடு குமாரசுவாமியும் அங்கே பணியேற்றார். 1947 செப்ரெம்பரில் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் அவ்விடமே அவருடைய பணிமனை.

அரும்பொருட்சாலைச் சம்பளத்தில் இருந்துகொண்டே அரும்பொருட்சாலைகளை அவர் கேள்வி கேட்டதுதான் வியப்பு. 1940களின் தொடக்கத்தில், கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது ஏன் என்பதையே தலைப்பாகக் கொண்டு பேசியும் எழுதியும் வந்தார். அங்கேயுள்ள பொருள்களுள் அநேகமாக எதுவும் அங்கே வைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. கிண்ணம் குடிப்பதற்கு, விக்கிரகம் வழிபடுவதற்கு, வாள் வெட்டுவதற்கு. அவற்றின் தொழிலை நிறுத்திவிட்டு, 'பார், இன்புறு' என்று சொல்வது பாதிப் பார்வையே என்றார். ஒரு பொருளை மதிப்பிட அவர் கேட்கச் சொன்னவை, இது எதற்குச் செய்யப்பட்டது, அதற்கு ஏற்பச் செய்யப்பட்டிருக்கிறதா என்பன. கண்ணுக்கு இனிதாயிருக்கிறதா என்பது அவருக்குப் பிந்திய கேள்வி. கண்ணுக்கு இனிப்பதை மட்டும் தேடுவது நாக்குக்கு இனிப்பதை மட்டும் தின்பது போன்றது என்ற தொனி அவர் எழுத்தெங்கும் உண்டு.

இந்த அளவுகோலை நம் வீட்டுப் பொருள்மீது வைத்துப் பார்ப்போமா? யாழ்ப்பாணத்துக் கடகத்துக்கு ஒரு குமாரசுவாமி கிடைக்கவில்லை. கண்டிக்குக் கிடைத்தது போன்ற ஒரு பெருநூல் வடபகுதிப் பனையோலைக்கு எழுதப்பட்டிருந்தால் எவ்வளவோ பெயர்கள் மறையாதிருக்கும். கடகம், பெட்டி, சுளகு, நீத்துப்பெட்டி, உமல், பிழா என்று எத்தனை! அவற்றைச் சந்தையிலே தெரிந்தெடுத்த பெண்களுக்கு அளவுகோல் இருந்தது. சுளகை வாங்குகிறவர் வெறுஞ்சுளகை இரண்டுமுறை புடைத்துப் பார்ப்பார். கடகத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பார்ப்பார். அடியை விரலால் அமுக்குவார். விளிம்பு நாரால் இறுகப் பொத்தப்பட்டிருக்கிறதா என்று தடவுவார். 'வடிவாய் இழைச்சிருக்கு' என்றால் அதுவே தீர்ப்பு. நீத்துப்பெட்டியின் கூம்பு வடிவத்தை எவரும் அழகுக்காக வகுக்கவில்லை. பானையின் வாயிலே தங்கி நிற்கவும் ஆவி மாவினூடே ஏறவும் அது அவ்வாறு இருக்கவேண்டியதாயிற்று. ஆனால் நீத்துப்பெட்டியைத் தனியே எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள்.

இன்று பனையோலைப் பொருள்களை விற்கும் கடைகளிலே சிவப்பும் பச்சையுமாகச் சாயமூட்டிய கைப்பைகளும் பூச்சாடிகளும் சிறிய அலங்காரக் கடகங்களும் இருக்கின்றன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியதன் பின் பல குடும்பங்களுக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, இத்தொழில் வருவாய் தந்துள்ளது. அந்தச் சாயத்தைக் கண்டு முகஞ்சுழிக்கும் இரசிகர்களை நான் அறிவேன். அவர்களுக்கு நான் சொல்வதெல்லாம், அவர்களுடைய வீட்டிலே அரிசி இருப்பது பிளாஸ்ரிக் வாளியில் என்பதே. கடகத்தைக் கைவிட்டவர்களையும் இரசனையற்றவர்கள் என்று சொல்வதற்கில்லை. மண்குடத்தை இடுப்பில் வைத்து அரைக் கட்டை தூரம் நடந்தவளுக்குப் பிளாஸ்ரிக் குடம் வந்த நாள் நல்ல நாள். பாரம் குறைவு, உடையாது, பிள்ளையும் தூக்கும். எதற்குச் செய்யப்பட்டது, அதற்கு ஏற்றதா என்ற கேள்விகளை அவள் கேட்டுத்தான் அதை வாங்கினாள். குமாரசுவாமியின் அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால் சில இடங்களிலே பிளாஸ்ரிக் குடமும் தேறிவிடுகிறது. தண்ணீரைக் குளிர வைப்பதில் மட்டும் அது தோற்கிறது. அதனால்தான் குளிரூட்டி உள்ள வீடுகளிலும் மூலையில் ஒரு மண்பானை இன்னும் இருக்கிறது. விருந்தினருக்குக் காட்டுவதற்கன்று, குடிப்பதற்கு.

கண் எழுதும் சடங்கைப் பற்றி இன்று சுருக்கமாகவே சொல்ல முடிந்தது. சிங்கள ஓவியரின் நேத்திர மங்கல்யத்துக்கும் நமது ஸ்தபதிகளின் கண் திறப்புக்கும் இடையேயுள்ள ஒற்றுமை வேற்றுமைகளை அடுத்த உரையிற் பார்ப்போம்.